சாலையிலும் ஒரு படைவீரர்

நுழையும்முன்

நாட்டின் எல்லையைக் காக்கும் படைவீரர் ஓய்வு பெறும்போது முதியவராக இருப்பதில்லை. முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே சீருடையைக் களைவோர் பலர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் காலம் அது. அதன்பின் அவர் என்ன தொழில் செய்வார்? படையில் வண்டி ஓட்டிய ஒருவர் வெளியே வந்து சரக்குந்து ஓட்டத் தொடங்கும்போது, பழைய பணியிலிருந்து எவற்றைக் கொண்டுவருகிறார், எவற்றைப் புதிதாகக் கற்கிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

1. எண்ணெய் வண்டிகள் செல்லும் வழி

மும்பையின் கிழக்குப் பகுதியில், டிராம்பேயில் அமைந்துள்ளது சீத்தா கேம்ப். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே ஜனதா காலனி என்னும் பெரிய குடியிருப்பு முன்பு இருந்தது. 1976ஆம் ஆண்டு, நெருக்கடிநிலைக் காலத்தில், அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. அங்கு வாழ்ந்த மக்கள் சீத்தா கேம்ப்பில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். அம்மக்களுக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்தவர். பின்னாளில் 2000ஆம் ஆண்டு மகசேசே விருதும், 2011ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இருந்த வீட்டை இழந்து, வேறு நிலத்தில் மீண்டும் வாழ்வைத் தொடங்கியவர்களின் ஊர் இது. ஆகவே, புதிதாகத் தொடங்குதல் என்பது இவ்வூருக்குப் பழகிய செயலாகும்.

சீத்தா கேம்ப்பிலிருந்து சிறிது தொலைவில், செம்பூரை அடுத்த மாகுல் பகுதியில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய நிறுவனங்களின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. இவ்விரண்டும் 1950களில் தொடங்கப்பட்டவை. அருகிலேயே இராஷ்டிரிய உர ஆலையும் இருக்கிறது. பெட்ரோல், டீசல் ஏற்றிய டேங்கர் லாரிகளும், உர மூட்டைகள் ஏற்றிய லாரிகளும் இப்பகுதிச் சாலைகளில் இரவும் பகலும் செல்கின்றன. கனரக வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு இங்கு வேலை உண்டு. படையிலிருந்து திரும்பும் ஓட்டுநர் ஒருவரின் கண்ணில் முதலில் படுவதும் இவ்வண்டிகளே.

2. படையில் கற்றது

இந்தியத் தரைப்படையில் உணவு, எரிபொருள் முதலியவற்றைப் படைமுகாம்களுக்குக் கொண்டுசேர்க்கும் பிரிவு ஆர்மி சர்வீஸ் கோர் ஆகும். இதன் பயிற்சி மையம் பெங்களூருவில் உள்ளது. இப்பிரிவின் ஓட்டுநர்கள் சமவெளியில் மட்டும் ஓட்டுபவர் அல்லர். சிறீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் சாலையில் சோஜி லா என்னும் கணவாய் இருக்கிறது. அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனி, சேறு, நிலச்சரிவு ஆகிய மூன்றையும் கடந்து வண்டியைச் செலுத்த அங்கே பழக வேண்டும். படையில் பரவலாக ஓடும் ஸ்டாலியன் வண்டியை உருவாக்கியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டு நிறுவனம்.

படையில் ஓட்டுநர் பெறும் பயிற்சியில் மூன்று கூறுகள் முதன்மையானவை.

முதலாவது, வண்டியைச் சோதித்தல். வண்டி புறப்படுமுன் எந்திர எண்ணெய், குளிர்விக்கும் நீர், சக்கரங்களின் காற்று, மின்கலம், விளக்குகள், தடை ஆகியவற்றை நாள்தோறும் சோதிக்க வேண்டும். இச்சோதனையைப் படையினர் ‘ஃபர்ஸ்ட் பரேடு’ என்பர். காலையில் வீரர்கள் அணிவகுத்து நிற்பதைப் போலவே வண்டியும் அணிவகுப்புக்கு நிற்கிறது என்பது அதன் கருத்து.

இரண்டாவது, இடைவெளி. படைவண்டிகள் வரிசையாகச் செல்வதைக் கான்வாய் என்பர். கான்வாயில் எவரும் முந்துவதில்லை. முன்செல்லும் வண்டிக்கும் பின்வரும் வண்டிக்கும் இடையே குறித்த இடைவெளி காக்கப்படும்.

மூன்றாவது, பதிவு. சென்ற தொலைவு, நிரப்பிய எரிபொருள், செய்த பழுதுபார்ப்பு ஆகிய அனைத்தும் வண்டிக்குரிய குறிப்பேட்டில் எழுதப்படும்.

இம்மூன்றும் எந்தச் சாலையிலும் பயன்படும். சோஜி லாவில் தாழ்ந்த கியரில் இறங்கப் பழகியவர், மும்பை புனே சாலையில் போர்க்காட் என்னும் மலைவழியிலும் அவ்வாறே இறங்குவார். தடையை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிச் செயலிழக்கும் என்பது இமயத்திலும் உண்மை. சகியாத்திரி மலையிலும் உண்மை.

3. உரிமம் மாறும்

திறன் உடன்வரும், ஆனால் உரிமம் உடன்வருவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 18ஆம் பிரிவில், நாட்டின் பாதுகாப்புப் பணிக்கான அரசு வண்டிகளை ஓட்டத் தனி உரிமம் வழங்க வழிசெய்கிறது. அவ்வுரிமம் பெற்றவர் வேறு எந்த வண்டியையும் அதைக்கொண்டு ஓட்ட இயலாது என்றும் அப்பிரிவு தெளிவாகக் கூறுகிறது. பதினைந்து ஆண்டுகள் பனிமலையில் பத்து டன் வண்டி ஓட்டியவரும், சீருடையைக் களைந்த மறுநாள் தெருவில் ஒரு சிறிய லாரியைக்கூட அவ்வுரிமத்தால் ஓட்ட முடியாது.

எனினும் சட்டம் அவருடைய அனுபவத்தைப் புறக்கணிக்கவில்லை. படையுரிமம் பெற்றிருந்ததற்குச் சான்று காட்டினால், அதே வகை வண்டிக்கு அவர் மீண்டும் ஓட்டுநர் தேர்வு கொடுக்க வேண்டியதில்லை என்று 9ஆம் பிரிவு விலக்களிக்கிறது. எனவே, படையிலிருந்து விடைபெறும் நாளில் அவர் மறவாமல் பெற வேண்டியவை ஓய்வூதிய ஆவணங்கள் மட்டுமல்ல. ஓட்டுநர் உரிமச் சான்றும் ஆகும். கிழக்கு மும்பையில் வாழ்பவர் இதற்கு வடாலாவில் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவர்.

> தெரிந்து தெளிவோம்
> அமெரிக்காவிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. படையில் கனரக வண்டி ஓட்டியவர், பணியிலிருந்து விலகிய ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்குப் பெறலாம்.

4. நான்கு இலக்கங்கள் கூறும் செய்தி

பெட்ரோல் ஏற்றிய டேங்கரை ஓட்டக் கனரக உரிமம் மட்டும் போதாது. ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் மூன்று நாள் தனிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதி கூறுகிறது. அவ்விதியில் மற்றொரு கட்டளையும் உண்டு. அந்த ஓட்டுநர், அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள இந்திய மொழிகளுள் ஒன்றிலும் ஆங்கிலத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். அவ்வட்டவணையில் தமிழும் இடம்பெற்றுள்ளது.

மொழியறிவை விதி ஏன் கேட்கிறது? டேங்கரின் இருபுறமும் பின்புறமும் ஓர் எச்சரிக்கைப் பலகை எழுதப்பட்டிருக்கும். அதில் நான்கு இலக்க எண் ஒன்று காணப்படும். 1203 என்றால் பெட்ரோல். 1202 என்றால் டீசல். 1075 என்றால் சமையல் எரிவாயு. உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட எண்கள் இவை. விபத்து நேர்ந்தால், தீயணைப்பு வீரர் எந்த மொழி பேசுபவராயினும், அந்த எண்ணைக் கண்டே உள்ளிருப்பது இன்னது என அறிவார். ஆனால், ஏற்றிய பொருளுக்குரிய பாதுகாப்புக் குறிப்புகளை முதலில் படித்துச் செயற்பட வேண்டியவர் ஓட்டுநரே. படிக்கத் தெரியாத ஓட்டுநரின் கையில் அக்குறிப்புகள் வெறுந்தாளாகிவிடும். குடியிருப்புகளை ஒட்டிய சாலைகளில் இவ்வண்டிகள் செல்வதால், ஓட்டுநரின் எழுத்தறிவு வழியில் வாழும் அனைவருக்கும் பாதுகாப்பாகும்.

5. முதல் பயணம்

படையில் பதினேழு ஆண்டுகள் வண்டி ஓட்டி ஓய்வு பெற்று, சீத்தா கேம்ப்பில் குடும்பத்துடன் வாழும் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். புதிய உரிமம் கிடைத்துவிட்டது. சரக்குந்து ஒன்றில் இரண்டாம் ஓட்டுநராக அவர் சேர்கிறார். முதல் ஓட்டுநர் அவரினும் பன்னிரண்டு வயது இளையவர்; நாமக்கல்லைச் சேர்ந்தவர்.

விடியுமுன் முன்னாள் வீரர் வண்டியைச் சுற்றிவந்து சக்கரங்களையும் விளக்குகளையும் சோதித்தார். பின்னர்த் தார்ப்பாயின் கயிறுகளை இறுக்கினார். இளைஞர் வியந்து பார்த்தார்.

“அண்ணா, வண்டியை நன்றாகப் பார்த்துவிட்டீர்கள். இனித் தாள்களைப் பாருங்கள்” என்றார் இளைஞர்.

“தாள்களா? என்னென்ன வேண்டும், தம்பி?”

“பதிவுச் சான்று, காப்பீடு, தகுதிச் சான்று, அனுமதிச் சீட்டு, புகைச் சான்று. சரக்கின் விலைப்பட்டியலும் மின்வழிச் சீட்டும் வேண்டும். பாஸ்டேக் கணக்கில் பணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எடைமேடையில் எடை கூடினால் தண்டம் கட்ட நேரிடும்.”

படையில் இவற்றுள் பெரும்பாலானவற்றை ஓட்டுநர் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. வண்டி அரசுடையது, எரிபொருள் அரசுடையது, வழியில் உணவும் உறங்கும் இடமும் முகாமில் ஆயத்தமாக இருக்கும். இங்கோ எல்லாவற்றையும் தேட வேண்டும். முன்னாள் வீரர் தம் வயதை எண்ணி நாணவில்லை. சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

“மீண்டும் ஒருமுறை மெதுவாகச் சொல்லுங்கள், தம்பி. எழுதிக்கொள்கிறேன்” என்றார்.

இளையவரிடம் கற்பது இழிவன்று. அறியாததை அறிந்ததுபோல் காட்டுவதே சாலையில் ஆபத்தாகும்.

6. மறுக்கும் துணிவு

சில மாதங்களுக்குப் பிறகு, அவரே தனியாக வண்டி ஓட்டலானார். ஒருநாள் வண்டி உரிமையாளர் அவரை அழைத்தார். எந்திர உதிரிப் பாகங்களைச் சென்னைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டே நாளில் சேர்க்க வேண்டும் என்றார்.

முன்னாள் வீரர் குறிப்பேட்டில் கணக்கிட்டார். மும்பையிலிருந்து சென்னைக்குச் சாலைவழி ஏறத்தாழ 1,330 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வண்டி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் செல்லும் எனக் கொண்டால், ஓட்டும் நேரம் மட்டும் 33 மணிக்கு மேலாகும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வேலைநேரத்தை வகுத்தது. ஐந்து மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து பணியாற்றாமல் இடையில் அரைமணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் கூறியது. அக்கணக்கின்படி ஒருவர் தனியாக ஓட்டினால் ஐந்தாம் நாளில்தான் சென்னையை அடையலாம். மின்வழிச் சீட்டின் கணக்கும் அவசரப்படுத்துவதில்லை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம், இத்தொலைவுக்கு அது ஏழு நாள் செல்லுபடியாகும். அவசரம் சட்டத்திலிருந்து வரவில்லை, உரிமையாளரிடமிருந்தே வந்தது.

“ஐயா, இன்னொரு ஓட்டுநரைத் தாருங்கள். மாறி மாறி ஓட்டி மூன்றாம் நாள் சேர்த்துவிடுகிறோம். தனியாக இரண்டு நாளில் என்றால் உறங்காமல் ஓட்ட வேண்டும். அது என்னால் ஆகாது” என்றார் முன்னாள் வீரர்.

உரிமையாளர் அந்தப் பாரத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அன்று கிடைக்க வேண்டிய கூலி கிடைக்கவில்லை. மாலையில் மகள் கேட்டாள்:

“அப்பா, இன்றைக்கு ஏன் வண்டி எடுக்கவில்லை?”

“உறங்காமல் ஓட்டச் சொன்னார்கள், அம்மா. படையில் ‘வண்டியை நிறுத்து, ஓய்வெடு’ என்று சொல்ல எனக்கு மேல் ஓர் அதிகாரி இருந்தார். இங்கே அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.”

“கூலி போய்விட்டதே, அப்பா.”

“போய்விட்டதுதான். இந்த மாதம் கொஞ்சம் சிக்கனமாக இருக்க வேண்டும்.”

படைக்கும் சாலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. படையில் ஒழுங்கு மேலிருந்து வருகிறது. சாலையில் ஓட்டுநர் தமக்குத் தாமே அதை விதித்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சிலவேளை விலையும் கொடுக்க நேரும். உறக்கக் கலக்கத்தில் ஓடும் வண்டியால் பிறர் கொடுக்கும் விலையோ அதனினும் பெரிது.

7. சொந்த வண்டியும் துணைநிற்கும் அமைப்புகளும்

ஓய்வு பெறும்போது படைவீரர் ஒருவர் கையில் பணிக்கொடை முதலியனவாக ஒரு தொகை கிடைக்கும். அதைக்கொண்டு உடனே லாரி வாங்கிவிடலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் வண்டியின் விலையோடு செலவு முடிவதில்லை. மாதத் தவணை, டீசல், சுங்கக் கட்டணம், காப்பீடு, சக்கரங்கள், ஓட்டுநர் படி ஆகியவை தொடர்ந்து வரும். பாரம் கிடைக்காத நாளிலும் தவணை நிற்காது. ஆகையால், முதலில் ஓரிரு ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டி, வழிகளையும் வாடகை நிலவரத்தையும் அறிந்தபின் சொந்த வண்டி வாங்குவதே பொருத்தமாகும். படையில் பழகிய குறிப்பேடு இங்கே வரவுசெலவுக் கணக்காக மாறிப் பயன்தரும்.

முன்னாள் வீரர்களுக்குத் துணைநிற்கும் அமைப்புகளும் உள்ளன. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மறுவாழ்வு இயக்குநரகம், ஓய்வுக்கு முன்பே தொழிற்பயிற்சி அளிக்கிறது. நிலக்கரி ஏற்றிச் செல்லும் பணியில் முன்னாள் வீரர்களை ஈடுபடுத்தும் திட்டத்தையும் நடத்தி வந்துள்ளது. மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நலன் அலுவலகங்கள் உள்ளன. தமிழ்நாட்டு அரசு 1986ஆம் ஆண்டில் டெக்ஸ்கோ என்னும் முன்னாள் படைவீரர் கழகத்தை நிறுவியது.

இத்தேவை இனியும் வளரும். 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் பெரும்பாலோர் இருபதுகளிலேயே வெளிவருவர். தொழிலின் நிலையும் மெல்ல மாறி வருகிறது. புதிதாக உருவாக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்குந்துகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கோடையில் எந்திரத்தின் வெப்பத்தோடு அமர்ந்து ஓட்டுபவரின் களைப்பைக் குறைக்க இது உதவும்.

உண்ணும் அரிசியும், அடுப்பெரிக்கும் வாயுவும், பள்ளிக்குரிய நூல்களும் ஏதேனும் ஒரு சரக்குந்தில் வந்தவையே. அவ்வண்டியை ஓட்டுபவர் கண்விழித்துக் காக்கும் ஒழுங்கினால்தான் அவை உரியவரிடம் நலமாக வந்து சேர்கின்றன.

பயிற்சி

அ. சொல்லும் பொருளும்
சரக்குந்து – லாரி
கணவாய் – இரு மலைகளுக்கு இடையே உள்ள வழி
தடை – வண்டியை நிறுத்தும் கருவி, பிரேக்
பாரம் – சுமை, லோடு
மின்வழிச் சீட்டு – சரக்கைக் கொண்டுசெல்ல இணையவழியில் பெறும் சீட்டு
படி – பயணத்தின்போது தரப்படும் செலவுப் பணம், பேட்டா

ஆ. ஒரு தொடரில் விடை எழுதுக.
1. சீத்தா கேம்ப் மக்கள் முன்பு எங்கு வாழ்ந்தனர்?
2. ‘ஃபர்ஸ்ட் பரேடு’ என்பது யாது?
3. டேங்கர் லாரியில் 1202 என்னும் எண் எதைக் குறிக்கும்?

இ. சிறு விடை எழுதுக.
1. படையுரிமம் பெற்றவருக்குச் சட்டம் விதிக்கும் தடை யாது? அளிக்கும் விலக்கு யாது?
2. ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு எழுத்தறிவு ஏன் தேவை?
3. ஓய்வு பெற்றவுடன் சொந்த லாரி வாங்குவதில் உள்ள இடர்கள் யாவை?

ஈ. கணக்கிடுக.
ஒரு சரக்குந்து மணிக்கு 40 கிலோமீட்டர் செல்கிறது. ஓட்டுநர் நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டுகிறார். 960 கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நாள் ஆகும்? இரண்டு ஓட்டுநர்கள் ஆளுக்கு 8 மணி நேரம் மாறி மாறி ஓட்டினால் எத்தனை நாள் ஆகும்?

உ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: சீருடை, சரக்குந்து, எழுத்தறிவு.
2. சேர்த்து எழுதுக: தார் + பாய், குறிப்பு + ஏடு.
3. எதிர்ச்சொல் தருக: ஏறினார், இளையவர், வரவு.
4. சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்க: ஓட்டுனர் / ஓட்டுநர்.

ஊ. கலந்துரையாடுக
முன்னாள் வீரர் பாரத்தை மறுத்தது சரியா? அன்றைய கூலியை இழந்த குடும்பத்தின் நிலையையும், சாலையில் செல்வோரின் பாதுகாப்பையும் எண்ணிப் பார்த்து, இரு குழுக்களாகப் பிரிந்து பேசுக.

எ. செயல்பாடு
வீட்டிலோ அண்டை வீட்டிலோ வண்டி ஓட்டும் தொழில் செய்பவர் ஒருவரிடம் தமிழில் உரையாடுக. புறப்படுமுன் அவர் எவற்றைச் சோதிக்கிறார், வழியில் எங்கு ஓய்வெடுக்கிறார் என்று கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களை அவர் சொல்லியவாறே குறித்துக்கொள்க.